ஐந்து சஹனும் முப்பத்தோராவது பிள்ளையும்

ஓர் உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். உலகத்தில் எந்தக் கஷ்டம் வந்தாலும் எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: பந்தல் போடுவது. யாராவது கண்ணை மூடி மௌத்தாகினால் பந்தல். கலியாணம் என்றால் பந்தல். பக்கத்து வீட்டு மகன் கட்டாரில் இருந்து வந்தாலும் பந்தல், திரும்பிப் போனாலும் பந்தல். சாய்ந்தமருதில் கதிரை, மேசை, லைட், மைக், சோறு ஆக்கும் கிடாரம், சஹன் எல்லாம் வாடகைக்கு விட்டுச் சீவிப்பவனுக்கு வேறு என்ன புத்தி வரும்? (கண் டொக்டரிடம் பல்வலி என்று போய்ப் பாருங்கள். டோர்ச்சைக் கண்ணுக்குள்தான் அடிப்பார்.)

அதனால்தான், என் மகளோடு வகுப்பில் ஒருத்தியும் கதைப்பதில்லை என்று தெரிந்த அன்று நான் அவளைப் பக்கத்தில் இருத்தி ஆறுதல் சொல்லவில்லை. டீச்சரைப் போய்ப் பார்க்கவில்லை. கடைக்குப் போய்ப் பந்தல் கம்புகளை எண்ணத் தொடங்கினேன்.

ஸப்ராவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தரம் ஏழு. அவள் படித்த பாடசாலையில் பெற்றோர் கூட்டம் என்று நூறு கதிரை கேட்டிருந்தார்கள். நானும் நியாஸும் லேண்ட்மாஸ்டர் வண்டியில் ஏற்றிப் போய் இறக்கிக்கொண்டிருந்தோம். நியாஸ் என் மனைவியின் தம்பி, கடையில் என் கூட்டாளி, என் மடத்தனங்களுக்கு அல்லாஹ் நியமித்த சாட்சி.

இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டிகளோடு ஓடிவந்து மரத்துக்குக் கீழே மணலில் வட்டம் வட்டமாக இருந்தார்கள். என் மகள் கடைசியாக வந்தாள். தண்ணீர்ப் போத்தலோடு குழாயடிக்குப் போனாள். நிரப்பினாள். அங்கிருந்து அறிவித்தல் பலகைக்குப் போனாள். வாசித்தாள். திரும்பக் குழாயடிக்குப் போய்ப் போத்தலைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு மறுபடி நிரப்பினாள். மறுபடி பலகை. பலகையில் இருந்தது ஒரே ஓர் அறிவித்தல், டெங்கு நுளம்பைப் பற்றியது. அதை அவள் நாளைக்குப் பரீட்சை என்பது போல் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், மகள் என்ன, தண்ணி போர்டுல வேல செய்யிறாவா?" என்றான் நியாஸ்.

சிரிக்கத்தான் வாய் திறந்தேன். மூன்றாவது தரம் அவள் போத்தலைக் கவிழ்த்தபோது வாய் மூடிக்கொண்டது. வேலை இருப்பது போல் நடந்தால் தனியாக நிற்பது தெரியாது என்று அந்தப் பிள்ளை கண்டுபிடித்து வைத்திருந்தது. அந்த நடை அவ்வளவு பழகிய நடையாக இருந்தது. இது இன்றைக்குத் தொடங்கியதல்ல என்று அதைப் பார்த்தாலே தெரியும்.

என்னைக் கண்டவுடன் ஓடிவந்தாள். நான் கேட்பதற்கு முன், அவளாகவே சொன்னாள்: "இண்டைக்குச் சரியான தாகம் வாப்பா."

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அவளுடைய உம்மா பௌஸியா கேட்டுக் கேட்டு விஷயத்தை வெளியே எடுத்தாள். ஸப்ராவை அந்தத் தவணைதான் மொனிட்டராகப் போட்டிருந்தார்கள். டீச்சர் அதிபரின் அறைக்குப் போயிருந்த ஒரு நாள், கதைப்பவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதினாள். முப்பது பேரையும் எழுதினாள். டீச்சர் திரும்பி வந்து பார்த்தால் பலகையில் வகுப்பின் வரவு இடாப்பே இருக்கிறது. முப்பது பேரும் ஒரு பாடவேளை முழுக்க எழும்பி நின்றார்கள். அன்றிலிருந்து ஸப்ரா இருக்கும் வாங்கைத் தொட்டால் மற்றவர்கள் துடைத்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். ஏழு கிழமையாக, கிட்டத்தட்ட இரண்டு மாதமாக.

"ஏன் மகள் எல்லாரையும் எழுதின?" என்றாள் பௌஸியா.

ஸப்ரா என்னைப் பார்த்தாள். "வாப்பாதான் சொன்ன. ஆரெண்டும் பாக்கப்படா, கூட்டாளியா இரிந்தாலும் எழுதணும் எண்டு."

சொன்னேன்தான். அவள் மொனிட்டரான அன்று கலீபா ஹஸ்ரத் உமரின் நீதியைப் பற்றி முக்கால் மணி நேரம் பயான் செய்திருந்தேன். (நான் வாடகைப் பற்றுச்சீட்டில் ஆறு கிடாரத்தை ஏழு என்று எழுதிவிட்டு, "கை தவறிப் போச்சு" என்று சமாளிக்கிறவன். நீதியை மகளிடம் மட்டும் கண்டிப்பாக எதிர்பார்த்தேன்.)

"வாப்பா, நீங்க ஒண்டும் செஞ்சிராதீங்க," என்றாள் ஸப்ரா. "அதுவா சரி வரும்."

"ஓம் மகள், நான் ஒண்டும் செய்யல," என்றேன். சொல்லி முடிக்கும்போதே எத்தனை கம்பு வேண்டும் என்று மனது கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

என்னுடைய தத்துவம் இது. சஹன் என்பது எங்கள் பக்கத்தில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. நான் இருபது வருடமாக அதைக் கழுவியும் அடுக்கியும் வாடகைக்கு விட்டும் வருகிறேன். காணிச் சண்டைக்காரர்கள் ஒரே சஹனில் இருந்து எழும்பும்போது சம்பந்தம் பேசிக்கொண்டு போவதைக் கண்டிருக்கிறேன். ஒரே சோற்றுக்குள் கை போட்டவர்கள் எப்படிக் கதைக்காமல் இருக்க முடியும்? ஆகவே முழு வகுப்பையும் வீட்டுக்குக் கூப்பிட்டு சஹன் வைத்துவிட்டால் விஷயம் முடிந்தது.

"விசரா ஒங்களுக்கு?" என்றாள் பௌஸியா. "என்னத்துக்குச் சாப்பாடு எண்டு கேட்டா என்ன செல்லுவீங்க?"

அதற்கும் பதில் வைத்திருந்தேன். கடைக்குப் புதிதாக ஐந்து சஹன் வாங்கியிருந்தேன். அவற்றின் திறப்பு விழா.

"தட்டுக்குத் திறப்பு விழாவா? றிபன் எங்க கட்டப்போறீங்க?"

நியாஸ் மட்டும் யோசித்துப் பார்த்துவிட்டு, "கடப்பாரைக்கும் ஒண்டு வைப்பம் மச்சான், அதுவும் புதுசுதான்," என்றான்.

எங்கள் ஊரில் சாப்பாட்டுக்கு அழைத்தால் வராமல் இருப்பது பெரிய மரியாதைக் கேடு. பௌஸியா தாய்மாரின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் முப்பது தாய்மாரும் இன்ஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டார்கள். நான் அதோடு விட்டேனா? ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி அழைப்பு அட்டை போக வேண்டும் என்று ஸப்ராவிடம் பெயர்களைக் கேட்டேன். யோசிக்காமல், ஒரு தரமும் நிறுத்தாமல், முப்பதையும் வரிசையாக எழுதித் தந்தாள். ஏற்கெனவே ஒரு தரம் எழுதிய கை அல்லவா? தங்கள் பெயரை அதே எழுத்தில் மறுபடியும் கண்டபோது அந்தப் பிள்ளைகள் மறுபடியும் எழும்பி நிற்க வேண்டுமோ என்று நினைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

முப்பது பிள்ளைகள். ஆறாறு பேராக ஐந்து சஹன். கச்சிதமாகப் பிரிந்தது. இப்படி மீதி இல்லாமல் ஒரு கணக்கு அமைந்தால் எங்கள் தொழிலில் அதைப் பரக்கத், அல்லாஹ்வின் அருள், என்போம்.

சனிக்கிழமை பகல். முற்றத்தில் பந்தல், பந்தலுக்குள் பாய். நெய்ச்சோறு, கோழிப் பொரியல், கத்தரிக்காய், அச்சாறு, கடைசிக்கு வட்டிலப்பம். வருவது பொம்பிளைப் பிள்ளைகள் என்பதால் ஆம்பிளைகள் உள்ளே வரக்கூடாது என்று பௌஸியா எங்களை வாசல் பக்கம் ஒதுக்கிவிட்டாள். எனக்கு மிஞ்சியது பந்தலுக்கு வெளியே ஒரு மேசை, அதில் அம்ப்ளிபயர், ஒரு மைக். "பிஸ்மி சொல்லித் தொடங்கச் சொல்லுங்க, அதோட நிப்பாட்டுங்க," என்பது உத்தரவு.

ஒன்பது மணியில் இருந்து ஸப்ரா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஒன்றும் செய்யாதீங்க என்று சொன்ன பிள்ளைதான். பெருநாள் சட்டையை எடுத்து அயன் பண்ணிப் போட்டிருந்தாள்.

"எல்லாரும் வருவாங்களா வாப்பா?"

"வராம? முப்பதும் வரும் மகள்."

"வந்தா... கதைப்பாங்களா?"

"சோறு தின்னுற வாய் கதைக்காம இரிக்குமா?" என்றேன் பெரிய ஞானி மாதிரி. அவள் அதை நம்பினாள். இன்றைக்கும் அந்த முகத்தை நினைத்தால் நான் கொஞ்ச நேரத்துக்குப் பகிடி விடுவதை நிறுத்திவிடுகிறேன்.

வந்தார்கள். முப்பதும் வந்தது. நான் பந்தல் மறைப்புச் சீலையில் ஒரு சின்ன இடைவெளி கண்டுபிடித்து அதில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் பாடசாலை மணலில் எப்படி வட்டம் வட்டமாக இருந்தார்களோ, அப்படியே வந்து சஹன்களைச் சுற்றி இருந்தார்கள். அதே ஆறு, அதே ஆறு. அதாவது மகளைச் சேர்க்காத அந்த வட்டங்களை நான் வீட்டுக்கு வரவழைத்து, கீழே பாயும் விரித்து, நடுவில் நெய்ச்சோறும் வைத்துக் கொடுத்திருந்தேன்.

அப்போதுதான் ஸப்ரா உள்ளே வந்தாள். நின்றாள். முதலாம் சஹனைப் பார்த்தாள், ஆறு பேர். இரண்டாவதைப் பார்த்தாள், ஆறு பேர். ஐந்தாவது வரைக்கும் பார்த்தாள்.

விருந்தில் வந்தவர்களைத்தான் எண்ணுவோம். வீட்டுக்காரர் நின்று பரிமாறுவார்கள், எல்லாரும் போன பிறகு அடுப்படியில் இருந்து சாப்பிடுவார்கள். இருபது வருடமாக ஆயிரம் வீட்டில் நான் இப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறேன். என் சொந்த வீட்டிலும் கை அப்படியே போட்டுவிட்டது. யாரை உட்கார வைப்பதற்காக இந்தப் பந்தலைப் போட்டேனோ, அவளை மட்டும் எண்ண மறந்திருந்தேன்.

ஸப்ரா ஒரு விநாடிதான் நின்றாள். பிறகு மூலையில் இருந்த கை கழுவும் கெண்டியையும் தண்ணீர் விழும் கோப்பையையும் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு சஹனாகப் போய்க் குனிந்து, ஒவ்வொருத்தியின் கைக்கும் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள். ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினார்கள்.

உள்ளே போகக்கூடாது. பௌஸியா அடுப்படியில். கையில் இருந்தது மைக். முன்பின் யோசிக்கிற மனிதன் என்றால் கையில் இருப்பதைக் கீழே வைப்பான்.

"அன்பான பிள்ளைகளே!" என்றேன். "ஒரு சின்ன அறிவித்தல். எங்கட மகள் ஸப்ரா இன்னும் இரிக்கல. பேர் எழுதினது அவட பிழையில்ல, நான்தான் எழுதச் சொன்னது. இன்டர்வெல்ல அவவோட ஒருத்தரும் கதைக்கிறல்ல. தனியத்தான் நிக்கிறா, தண்ணிப் போத்தலோட. நான் கண்ணால கண்டன். ஆராவது கொஞ்சம் அரங்கி இரிந்து அவக்கு ஒரு இடம் குடுங்க."

இரண்டு விஷயங்களை நான் மறந்திருந்தேன். முந்தின நாள் கலியாண வீட்டில் பாட்டுப் படித்தவர்கள் எக்கோவை உச்சத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டாவது, நியாஸ் தொழில் பழக்கத்தில் ஒரு ஸ்பீக்கரை வேப்ப மரத்தில் ஏற்றி, வீதியைப் பார்க்கக் கட்டியிருந்தான்.

இடம் குடுங்க... குடுங்க... குடுங்க... என்று என் குரல் கடற்கரை வரைக்கும் போனது. வாசலில் மீன்காரர் பைக்கை நிறுத்தினார். "காக்கா, எத்தின பேருக்கு இடம் காணாது? எங்கட வீட்டு முத்தமும் சும்மாதான் கிடக்கு," என்றார் உண்மையான அக்கறையோடு. (காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.)

சீலை இடைவெளியில் மறுபடி கண்ணை வைத்தேன். கடைசியாக நீண்ட ஒரு கைக்கு ஸப்ரா தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கோப்பை நிறைந்து பாயில் ஓடியது. பிறகு கெண்டியைக் கீழே வைத்தாள், ஓசை வராமல். அடுப்படிப் பக்கமாக நடந்து போய்விட்டாள்.

அவள் போன பிறகு ஒன்று நடந்தது. முப்பது பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலாம் சஹனில் ஒருத்தி மெல்ல அரங்கி இடம் விட்டாள். அதைப் பார்த்து இரண்டாவதில் ஒருத்தி. ஐந்து சஹனிலும் அரங்கிவிட்டார்கள். ஐந்து இடம் கிடைத்தது. உட்காரத்தான் ஆளில்லை.

பௌஸியா வெளியே வந்தாள். அம்ப்ளிபயரின் மின்சார வயரைப் பிடுங்கினாள். "இதோட சேத்து ஒங்கட வாயையும் கழட்டி வைக்க ஒரு வழி இல்லியா?" என்றாள். குரல் கோபமாக இருந்தது, கண் அழுதிருந்தது. எனக்கு மைக்கோடு சேர்ந்து பூமிக்குள் போய்விட வேண்டும் போலிருந்தது. (மைக் புதுசு. அதை மட்டும் வெளியே வைத்துவிட்டுப் போகலாம் என்றும் ஒரு பக்கம் நினைத்தேன்.)

அப்போது மூன்றாம் சஹனில் இருந்து ஒரு பிள்ளை எழும்பியது. மெலிந்த, கண்ணாடி போட்ட பிள்ளை. பெயர் ரினோஸா. சரி, வெளிநடப்புத் தொடங்கிவிட்டது, இனி முப்பதும் போகும் என்று நடுங்கினேன். "மகள், இரிங்க, வட்டிலப்பம் வரப்போகுது!" என்று சீலைக்கு வெளியில் இருந்து கத்தினேன். எந்தப் பக்கத்தில் இருந்து குரல் வருகிறதென்று அந்தப் பிள்ளை பயந்து சுற்றிப் பார்த்தது. பிறகு, அதற்குள் சீலைக்கு அந்தப் பக்கம் போயிருந்த பௌஸியாவிடம் நேரே போனது.

"ஆன்ட்டி, எனக்குத் தனியா ஒரு பிளேட் தருவீங்களா?"

"ஏன் மனே?"

ரினோஸா குரலைத் தாழ்த்தினாள். "எனக்குச் சஹன்ல தின்ன ஏலா. மத்தவங்கட விரல் பட்ட சோறு எண்டா ஓங்காளம் வரும். எல்லாக் கலியாணத்திலயும் சும்மா கை வச்சிட்டு இரிப்பன். உம்மாட்டச் செல்லிராதீங்க."

என்னுடைய இருபது வருடத் தத்துவம் அந்த இடத்திலேயே மௌத்தானது. அதற்கும் ஒரு பந்தல் போட்டிருக்கலாம்.

பௌஸியா அவளுக்கு ஒரு பிளேட்டில் சோறு போட்டுக் கொடுத்தாள். ரினோஸா அதைப் பந்தலுக்குக் கொண்டுபோகவில்லை. அடுப்படிக் கதவைத் தாண்டிப் பின்படிக்குப் போனாள். அங்கே ஸப்ரா முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். நான் வீட்டைச் சுற்றி ஓடிப்போய் வாழைமரத்துக்குப் பின்னால் நின்றேன். (ஒளிந்து கேட்பது தப்புத்தான். அன்றைக்குச் செய்த தப்புகளின் வரிசையில் அது பத்தாவதுக்குள்கூட வராது.)

ரினோஸா சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்ட பேரத்தான் முதலாவதா எழுதின," என்றாள் கடைசியில்.

"நீதான் முதலாவதா கதைச்ச."

"கதைச்சன்தான்கா. ஆனா நான் ஒன்னோடதானே கதைச்சன்?"

இது ஸப்ராவுக்கு ஏழு கிழமையாகத் தோன்றாத சங்கதி.

"அப்ப ஒன்ட பேரும் வரணுமே," என்றாள் ரினோஸா. "நீயும் திருப்பிக் கதைச்ச."

"ஓம்," என்றாள் ஸப்ரா மெதுவாக. "என்ட பேர எண்ணல."

தன்னை எண்ணாமல் விடுவது எங்கள் வீட்டுப் பரம்பரை வியாதி என்று எனக்கு அங்கே விளங்கியது. வாழைமரத்துக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினேன்.

"ஆரது?" என்றாள் ரினோஸா திடுக்கிட்டு.

"வாப்பா," என்றாள் ஸப்ரா, திரும்பிப் பார்க்காமலே. "பாக்காத. பாத்தா கதைக்க வந்திருவாரு."

அதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். மற்றவளும் சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அதற்கு முன் நான் எவ்வளவோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்கு ஈடாக ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

முழு வகுப்பும் அன்றே மனம் மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை அப்படியில்லை. திங்கட்கிழமை ஸப்ரா வகுப்புக்குள் கால் வைத்ததும் முப்பதில் இருபத்தைந்து பேராவது, "இடம் குடுங்க... குடுங்க... குடுங்க..." என்று எக்கோ வைத்தார்கள். இரண்டு கிழமைக்கு அது நடந்தது. நான் இரண்டு கிழமை சாப்பிடவில்லை. (காலைச் சாப்பாடு மட்டும்.) ஆனால் இடைவேளைக்கு ரினோஸா அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். மூன்றாம் கிழமை ஸப்ராவே அந்த எக்கோவை மற்றவர்களை விடத் திறமாகச் செய்து காட்டியிருக்கிறாள், இடையில் மைக் கூவுகிற சத்தத்தையும் சேர்த்து. அதற்குப் பிறகு கேலி செய்வதில் அவர்களுக்குச் சுவை போய்விட்டது. ஒருத்தி அந்த மைக் சத்தத்தைத் தனக்கும் சொல்லித்தரச் சொல்லி வந்தாளாம். அப்படி ஒவ்வொருத்தியாக, ஒரு வருடமாகச் சரிவந்தது. சிலரோடு சரிவரவே இல்லை. அதுவும் பரவாயில்லை என்று ஸப்ரா சொல்லுகிறாள்.

என்னைத்தான் ஊர் விடவில்லை. அக்கரைப்பற்று பஸ்ஸில் நான் ஏறினால் கண்டக்டர், "காக்காக்கு ஒரு இடம் குடுங்க... குடுங்க..." என்பார். சத்தியமாகச் சொல்கிறேன், இடம் கிடைக்கும். நியாஸ் அந்த அம்ப்ளிபயரை வாடகைக்குக் கொடுக்கும்போதெல்லாம், "எக்கோவைக் குறைச்சுப் பாவிங்க, எங்கட மச்சானுக்கு நடந்தது தெரியும்தானே," என்று ஒரு தரம் முழுக் கதையையும் சொல்லித்தான் அனுப்புகிறான்.

ஸப்ரா இப்போது உயர்தர வகுப்பில் படிக்கிறாள். ரினோஸா வெள்ளிக்கிழமை தோறும் வருகிறாள். இரண்டு பேரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் மஃரிப் தொழுகை வரைக்கும் படிப்பு நடக்கிறது என்பது அறிவிப்பு. உள்ளே இருந்து வருவது சிரிப்புச் சத்தம். போன வெள்ளிக்கிழமை நான் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். எதிர்காலத்தைப் பற்றிச் சின்ன ஆலோசனை ஒன்றும் கைவசம் இருந்தது.

"மகள், நானும் கொஞ்ச நேரம் வந்து இரிக்கவா?"

உள்ளே குசுகுசுவென்று ஏதோ கதைத்தார்கள். பிறகு இரண்டு குரல்களும் சேர்ந்து வந்தன: "இடமில்ல... இல்ல... இல்ல..."

தட்டை வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.

(ஒரு தரம் தட்டினேன். தேத்தண்ணி ஆறிவிடும் அல்லவா.)